நேரத்துக்கு முன்னாடி வந்த அம்மா

ஏங்க்கா, நீங்களே சொல்லுங்க. ஒரு புள்ளைய ஒழுங்கா வளக்குறது குத்தமா? நேரத்துக்கு எந்திரிக்கணும், நேரத்துக்குச் சாப்பிடணும், நேரத்துக்குப் படிக்கணும், நேரத்துக்குப் படுக்கணும். இதுல என்ன பாவம் இருக்கு? ஆனா எங்க வீட்டுக்காரரு பேசுறதக் கேட்டா, என்னமோ பெத்த புள்ளைய நான் ஜெயில்ல போட்டு வச்ச மாதிரி இருக்கும்.

அந்த ஜன்னல் கண்ணாடியக் கொஞ்சம் இழுத்து விட்டுக்கிடவா? பஸ்ஸு தாராபுரம் தாண்டுனா இப்படித்தான், காத்து மூஞ்சியிலயே அடிக்கும். நீங்க எதுவரைக்கும்? தேனியா? நான் வத்தலக்குண்டுல இறங்கி உசிலம்பட்டி வண்டிக்கு மாறணும். அங்க பக்கத்துலதான் எங்க நாத்தனா ஊரு. என் மக அங்கதான் இருக்கா. கனிஷ்கா. மூணாவது படிக்கிறா. அவளக் கூட்டிட்டு வரத்தான் போறேன்.

கூட்டிட்டு வரப் போறேன்னு வாயால சொல்றேன். வருவாளான்னு தெரியல.

நமக்குத் திருப்பூருல பனியன் கம்பெனி. சும்மா பிசிறு வெட்டுற வேல இல்லக்கா, நான் லைன் சூப்பர்வைசரு. எனக்குக் கீழ ஒரு லைன் முழுக்க டைலருங்க. ஓவர்லாக் தையல் முடிஞ்சாத்தான் அடுத்த மிஷினுக்குப் போகும், அது முடிஞ்சாத்தான் செக்கிங். நடுவுல ஒருத்தி எந்திரிச்சுப் போயி டீ குடிச்சா பின்னாடி இருக்குற எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு உக்காரணும். அதனால எனக்கு எதையும் வரிசையா செஞ்சாத்தான் மனசு அடங்கும். வரிசை தப்புனா கோவம் வரும். ஆமா, எனக்குக் கோவம் வரும், இல்லன்னு சொல்ல மாட்டேன்.

வீட்டுக்காரரு கன்டெய்னர் ஓட்டுறாரு. தூத்துக்குடி ஹார்பருக்குச் சரக்கு ஏத்திட்டுப் போனா எப்ப திரும்புவாருன்னு அவருக்கே தெரியாது. வருவாரு, தூங்குவாரு, புள்ளையத் தோள்ல தூக்கிட்டுப் போயி பரோட்டா வாங்கிக் குடுப்பாரு, மறுபடி போயிருவாரு. நல்லவரு அவரு. பரோட்டா வாங்கிக் குடுக்குறவங்க எல்லாரும் நல்லவங்கதான். கூட இருந்து பல்லு வெளக்க வைக்கிறவதான கெட்டவ?

நாங்க இருக்குறது லைன் வீடு. ஒரே வரிசையில ரூம் ரூமா கட்டி வாடகைக்கு விட்டிருக்காங்க. பின்னாடி ஓடை. பூரா வெளியூருச் சனம், வெளி மாநிலத்துச் சனம். யாரு வர்றா, யாரு போறான்னே தெரியாது. ஒன்றரை ஷிப்டு பாத்துட்டு நான் வீடு வந்து சேர ராத்திரியாயிரும். புள்ள பள்ளிக்கூடம் விட்டு சாயங்காலமே வந்துரும். நடுவுல அவள யாரு பாக்குறது? பக்கத்து ரூம் சரசக்கா நல்லவங்கதான், ஆனா அவங்க டிவி முன்னாடி உக்காந்தா வீடு தூக்கிட்டுப் போனாலும் தெரியாது.

அதுக்குத்தான் நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். கம்பெனி ஆபீஸுல ஒரு படிச்ச புள்ள இருக்கு. அதுகிட்டச் சொல்லி, ஒரு பழைய போனுல என் குரலையே அலாரமா வைக்கச் சொன்னேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு அலாரம். ஆட்டோக்காரரு இறக்கி விட்ட கொஞ்ச நேரத்துல, ‘கனிம்மா, உள்தாழ்ப்பாப் போட்டியா? யூனிபார்ம மாத்து’ன்னு நான் பேசுவேன். அப்புறம், ‘டம்ளர்ல பால் மூடி வச்சிருக்கேன், குடி.’ அப்புறம், ‘எழுத உக்காரு.’ அப்புறம், ‘கார்ட்டூன் பாக்கலாம்.’ அப்புறம், ‘போதும், நிப்பாட்டு.’ புள்ளையே தட்டுல சோத்தப் போட்டுத் தின்னுட்டுத் தட்டக் கழுவி வச்சிரும். நான் கம்பெனியில நின்னுக்கிட்டே மனசுல ஓட்டிப் பாப்பேன். இப்ப பால் குடிச்சிருப்பா, இப்ப கணக்குப் போடுவான்னு. வந்து பாத்தா எல்லாம் அப்படியே நடந்திருக்கும். ஒரு நாள் தப்பாதுக்கா. எங்க லைன்ல இருக்குற எருமைங்ககிட்ட நான் தொண்ட கிழியக் கத்துனாலும் நடக்காது, என் புள்ளகிட்ட நான் இல்லாமயே நடந்துச்சு.

சரசக்கா சிரிப்பாங்க. ‘ஏம்மா நாகஜோதி, உம்பட புள்ளைய நீ வளக்குறியா, போனு வளக்குதா?’ன்னு. போனுல பேசுறது யாரு? நான்தான? என் குரல்தான? வீட்டுல சும்மா உக்காந்துக்கிட்டு புள்ளையத் திரும்பிக்கூடப் பாக்காத அம்மாக்காரிங்கள நான் பாத்திருக்கேன். அதுக்கு இது மேலுன்னுதான் நான் நெனச்சேன், இப்பவும் நெனைக்கிறேன்.

நான் ஏன் இப்படி இருக்கேன்னு கேப்பீங்க. எங்க வீட்டுல நாங்க ஆறு பொறப்பு. யாரு தின்னா, யாரு திங்கலன்னு எங்காத்தாளுக்குத் தெரியாது. ஒரு மாசிப் பச்சைக்கு, அதான் சிவராத்திரிக்கு, கோயிலுக்கு வண்டி கட்டிப் போனோம். குலசாமி கும்பிட்டு, கெடா வெட்டி, தின்னு முடிச்சு எல்லாரும் வண்டியேறி வந்துட்டாங்க. நான் பந்தலுக்குப் பின்னால தூங்கிக் கெடந்தேன். நான் வரலன்னு எங்காத்தாளுக்கு மறுநாதான் தெரிஞ்சுச்சு. மறுநா! பூசாரிதான் கூட்டிட்டு வந்து விட்டாரு. ‘அட, இவ அங்கயா கெடந்தா?’ன்னு எங்காத்தா சிரிச்சா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா, எனக்கு ஒரு புள்ள பொறந்தா அது எந்த நேரம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாம இருக்கக் கூடாதுன்னு அன்னைக்கே நெனச்சுட்டேன்.

கதவு விசயத்துல மட்டும் நான் ரொம்பக் கண்டிப்பு. யாரு வந்து தட்டுனாலும் தெறக்கக் கூடாது. சரசக்கா தட்டுனாலும் கூடாது. இருட்டுனப்புறம் அம்மா வருவேன், அப்பத்தான் தாழ்ப்பாளத் தொடணும். சொன்னா மட்டும் போதுமா? புள்ளைங்க தலைய ஆட்டும், அப்புறம் மறந்துரும். அதனால சோதிச்சுப் பாத்தேன். ஒரு நா சாயங்காலம் பர்மிஷன் போட்டுட்டு வந்து கதவத் தட்டி, ‘கனி, அம்மா வந்துருக்கேன், தெற’ன்னேன். ‘அம்மா!’ன்னு கத்திக்கிட்டு ஓடியாந்து தெறந்துட்டா. ஓடி வந்த வேகத்துல என் இடுப்புல வந்து மோதுனா. எனக்கு வந்துச்சே ஆத்திரம்! விட்டேன் ஒரு அறை. ‘நான் வர்ற நேரமா இது? என்னைய மாதிரியே வேற எவளாச்சும் பேசுனா என்னடி பண்ணுவ?’ன்னு கேட்டேன். அவ கன்னத்தப் பிடிச்சுக்கிட்டு என்னையவே பாத்துக்கிட்டு நின்னா. நான் திரும்ப கம்பெனிக்கு ஓடிட்டேன், பர்மிஷன் நேரம் முடிஞ்சிருமே.

கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி வந்து தட்டுனேன். உள்ள இருந்து, ‘எங்கம்மா இருட்டுனப்புறம்தான் வருவாங்க’ன்னு சத்தம் வந்துச்சு. நான் கெஞ்சுன மாதிரி நடிச்சேன். தலைவலிக்குதுடி, காய்ச்சல்டின்னேன். தெறக்கல. எனக்கு அம்புட்டு சந்தோசம். ‘பாஸுடி என் தங்கம்’னு சொல்லி, ராத்திரி வரும்போது எக் பப்ஸ் வாங்கிட்டு வந்து குடுத்தேன். பயத்துல இல்லக்கா, புரிஞ்சுதான் செஞ்சா. அடிச்சாத்தான புரியுது?

இப்படி நல்லாத்தான் போயிக்கிட்டிருந்துச்சு. போன மழையில கெட்டுச்சு.

தீவாளிக்கு அடுத்து விடாம பெஞ்சுச்சுல்ல, அந்த மழை. கம்பெனியில கரண்டு நின்னு போச்சு. ஜெனரேட்டரப் போட்டு ஓட்டிக்கிட்டிருந்தோம், ஷிப்மெண்டு நேரம். அப்ப சரசக்கா போன் பண்றாங்க. ‘ஏம்மா, ஓடை பொங்கி வருது, ஊட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சு, எல்லாரும் மேட்டுக்குப் போறோம், உம்பட புள்ள கதவத் தொறக்க மாட்டீங்குது’ன்னு. நான் போட்டது போட்டபடி ஓடுனேன். ஆட்டோ ஓடல. பாதி ரோட்டுக்கு மேல தண்ணி. செருப்பு எங்க போச்சுன்னு தெரியாது.

நான் போயிச் சேரும்போது எங்க வாசல்ல முழங்காலுக்குத் தண்ணி. கறுப்புத் தண்ணி, சாக்கடையும் ஓடையும் சேந்து. லைன் வீட்டுல ஒரு சனம் இல்ல, எல்லாம் மேட்டுக்குப் போயிருச்சு. சரசக்காவும், லோடு ஆட்டோ ஓட்டுற சகாயம் அண்ணனும் மட்டும் எங்க கதவு முன்னாடி நின்னு கத்திக்கிட்டு இருக்காங்க. பின்பக்கம் ஒரு சின்ன ஜன்னல்தான், அது ஓடைப் பக்கம், அங்கிட்டுப் போகவே முடியாது. நான் கதவுல ரெண்டு கையாலயும் அடிக்கிறேன். ‘கனி, அம்மா வந்துட்டேன், தெறடி!’

உள்ள இருந்து என் குரலு வருது, போனுல. ‘கனிம்மா, எழுத உக்காரு. எழுத்து கோணாம எழுதணும்’னு. நான் வெளிய நின்னு கத்துறேன், நானே உள்ள பேசுறேன். சகாயம் அண்ணன் ஒரு மாதிரி என்னையப் பாத்தாரு.

‘கனி, தண்ணி ஏறுதுடி, தெறடி’ன்னேன். அவ பேசுனா. நல்லாத் தெளிவா பேசுனா. ‘தெரியும்மா, நீங்கதான்னு தெரியும். நான் கட்டிலு மேல நிக்கிறேன். ஆனா தெறக்க மாட்டேன்’னா. ‘ஏண்டி?’ன்னேன். ‘இது டெஸ்டு. இந்தத் தடவையும் நான் பாஸு’ன்னு சொன்னா.

நான் சத்தியம் பண்ணேன். குலசாமி மேல சத்தியம்டி, இது டெஸ்டு இல்லடி, நெசமாவே வெள்ளம்டின்னேன். ‘போன தடவையும் காய்ச்சல்னு சொன்னீங்கம்மா’ன்னு சொல்றா. அழுதேன். நெசமாவே அழுதேன். ‘அழற மாதிரியும் பேசுவாங்கன்னு சொல்லியிருக்கீங்க’ன்னா. நான் சொன்னது எதையும் அவ மறக்கல. உள்ள ஏதோ டமால்னு விழுந்துச்சு, பாத்திர ஸ்டாண்டா இருக்கும். அவ ‘அம்மா’ன்னு ஒரு தடவ சன்னமாச் சொன்னா. அப்பவும் தாழ்ப்பா நகரல.

சகாயம் அண்ணன் என்னைய ஓரமாத் தள்ளிட்டு வண்டியில இருந்து கடப்பாரைய எடுத்துட்டு வந்து கதவ நெம்புனாரு. பலகை பொளந்து தாழ்ப்பா தெறிச்சுச்சு. கட்டிலு காலு முங்கி, மெத்தை மேல தண்ணி. அதுல அவ புத்தகப் பையக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. போனு எங்கயோ தண்ணிக்குள்ள போயிருச்சு. நான் அவளத் தூக்குனதும் என் காதுகிட்ட வாய வச்சுக் கேக்குறா, ‘நான் தெறக்கலல்லம்மா? அவங்கதான உடைச்சாங்க?’ன்னு. பைய விடாமக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அதத்தான் கேக்குறா.

பொய் சொல்லாமச் சொல்றேன், எனக்கு ஒரு பக்கம் உசுரு போயி உசுரு வந்துச்சு. இன்னொரு பக்கம் பெருமையா இருந்துச்சு. எத்தனை புள்ளைக்கு இந்த உறுதி இருக்கும்? நீங்க ஏன்க்கா அப்படிப் பாக்குறீங்க? நான் சொன்னத மீறாத புள்ளைன்னு பெருமைப்படக் கூடாதா?

அவரு ஹார்பர்ல இருந்து ராத்திரியோட ராத்திரியா வந்துட்டாரு. சகாயம் அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு போல. என்னைய ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், சரியாப் போயிருக்கும். வெள்ளத்துக்கு எங்களத் தங்க வச்சிருந்த மண்டபத்துல படுத்துக் கெடந்த புள்ளைய எழுப்பி, ‘கனி, அத்தை வீட்டுக்குப் போவமா?’ன்னாரு. அவ என்னையத் திரும்பிப் பாத்தா. நான் தலைய ஆட்டுனப்புறம்தான் ‘சரிப்பா’ன்னா. அன்னைக்கே கூட்டிட்டுப் போயி அவங்கக்கா ஒச்சம்மா மதினிகிட்ட விட்டுட்டாரு.

மதினி வீடு எப்படின்னு சொல்லவா? பசிச்சாத் திங்குறது, சாஞ்ச எடத்துல தூங்குறது. மதினி ஆடு மேய்க்கக் காட்டுக்குப் போயிரும். புள்ளைங்க எந்திரிக்கும்போது விடிஞ்சதுன்னு அர்த்தம். தலைக்கு எண்ணெய் இல்ல, சீப்பு இல்ல. வீடியோ காலுல பாத்தா என் புள்ள முகத்துல மூக்குச்சளி காஞ்சு கெடக்கு. மழை லீவு முடிஞ்சு பள்ளிக்கூடமும் தொறந்தாச்சு, இவ இன்னும் அங்கதான் இருக்கா. கேட்டா எங்க வீட்டுக்காரரு, அங்கயே சேத்து விட்டுருவோம்ங்குறாரு. சண்டை போட்டேன். பச்சத் தண்ணி குடிக்காமக் கெடந்தேன். கடைசியா ஒண்ணு சொன்னாரு. ‘நீ போ. புள்ளகிட்டக் கேளு. அது மனசார வர்றேன்னு சொன்னா கூட்டிட்டு வா. இல்லன்னா விட்டுட்டு வந்துரு. ரெண்டுல எதுன்னாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்’னாரு.

எனக்கு என்ன பயம் தெரியுமா? அவ வரமாட்டேன்னு சொல்லிருவாளோன்னு இல்ல. அத அவ சொல்லவே மாட்டா. வர்றியான்னு கேட்டா ‘சரிம்மா’ம்பா. இங்கயே இருக்கியான்னு கேட்டாலும் ‘சரிம்மா’ம்பா. போனுல நான் எதக் கேட்டாலும் அதான். சாப்பிட்டியா, சரிம்மா. தூங்குனியா, சரிம்மா. ஆனா மதினி சொல்லுது, அங்க வாய் ஓயாம பேசுறாளாம், மரத்துல ஏறுறாளாம், கோவம் வந்தா வையுறாளாம்கூட. என் புள்ள வையுறாளா? என்கிட்ட ஒரு எதிர்ப்பேச்சு பேசுனதில்லக்கா.

எங்க வந்துட்டோம்? செம்பட்டியா? அப்ப வத்தலக்குண்டு வந்துருமே.

அக்கா, ஒரு உதவி கேக்கவா? தப்பா நெனைக்காதீங்க. உங்க போன்ல இருந்து ஒரு கால் போட்டுக் குடுங்களேன். மதினி போன் எப்பவும் வீட்டுலதான் கெடக்கும், என் புள்ளதான் எடுப்பா. நான் கேட்டா உண்மை வராது. நீங்க கேளுங்க. அம்மாகூட வேல பாக்குற ஆன்ட்டின்னு சொல்லுங்க. அம்மா கூப்பிட வந்தா உனக்குப் போகணுமா, இல்ல அத்தை வீட்டுலயே இருக்கணுமான்னு கேளுங்க. அவ்வளவுதான். அவ என்ன சொன்னாலும் நான் ஏத்துக்கிடுறேன். வேற ஆளுன்னா மனசுல இருக்குறதச் சொல்லுவா, புள்ளதான? இந்தாங்க, இதான் நம்பரு. ஸ்பீக்கர்ல போடுங்க. நான் மூச்சு விட மாட்டேன்.

மணி அடிக்குது. எடுத்துட்டாங்க... யாருக்கா அது, பின்னாடி இப்படிச் சிரிக்கிறது? அவதான். அவதான்க்கா. ம், பேசுங்க, பேசுங்க.

வச்சுட்டா.

கேட்டீங்களாக்கா? எப்படிப் பேசுனா பாத்தீங்களா? சிரிச்சுக்கிட்டு இருந்தவ உங்க குரல் கேட்டதும் கப்புன்னு நின்னுட்டா. நீங்க கேள்வி கேட்டதும் நான் நெனச்சேன், சொல்லப் போறான்னு. ‘எங்கம்மா பக்கத்துல இருக்காங்களா ஆன்ட்டி?’ன்னு கேட்டாளே, நான் வேண்டாம்னு கையக் காட்டுனேன், நீங்களும் எனக்காகப் பொய் சொன்னீங்க. உடனே என்ன சொன்னா? ‘தெரியாதவங்க கேட்டா வீட்டு விசயம் எதுவும் சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க. மன்னிச்சிருங்க ஆன்ட்டி.’ ஒரு பிசிறு இல்லக்கா. நான் சொல்லிக் குடுத்தத ஒரு எழுத்து மாத்தாம சொல்றா. இம்புட்டுத் தூரத்துல இருந்தாலும், மூக்கு ஒழுகிக்கிட்டுத் திரிஞ்சாலும் என் வளப்பு மாறல பாத்தீங்களா!

நான் அழல. காத்துல தூசி.

வத்தலக்குண்டு வந்துருச்சு. அந்தப் பைய மட்டும் எடுத்துக் குடுங்க. நான் எறங்குறேன். இன்னும் கொஞ்ச நேரத்துல அவ முன்னாடி போயி நிப்பேன். வர்றியாடின்னு கேப்பேன். அவ சரிம்மாம்பா. அந்தச் சரிம்மாவ நம்பி நான் அவளக் கூட்டிட்டு வரவாக்கா, விட்டுட்டு வரவா?